துடிப்பு அடங்கியது, சாவு கூடியது: காஸ்ட் ஆய்வில் நடந்தது என்ன?

மாரடைப்பிலிருந்து பிழைத்த ஒருவரின் ஹோல்டர் பதிவை (உடலில் மாட்டிய சிறு கருவி நாள் முழுக்கப் பதியும் ஈசிஜி) எடுத்துப் பார்த்தால், நடுநடுவே ஒரு துடிப்பு மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். மற்றவை எல்லாம் ஒல்லியாக, ஒரே இடைவெளியில் போய்க்கொண்டிருக்க, இது மட்டும் நேரத்துக்கு முன்பே வந்து அகலமாக, கோணல்மாணலாக விழும். மேலறையின் துடிப்பைக் காட்டும் வழக்கமான பி அலை முன்னால் இருக்காது, பின்னால் ஒரு நீண்ட இடைவெளி இருக்கும். அந்த இடைவெளிக்குப் பிறகு வரும் துடிப்பு கொஞ்சம் பலமாக இருப்பதால் சிலருக்கு நெஞ்சுக்குள் திக்கென்று இருக்கும், பலருக்கு ஒன்றுமே தெரியாது. கீழறையிலிருந்து கிளம்பும் இந்த முந்திய துடிப்பைத்தான் டாக்டர்கள் விபிசி என்றும் பிவிசி என்றும் சொல்கிறார்கள்.

இதை அடக்கப் போன இடத்தில்தான் இதய மருத்துவத்தின் மிகச் சங்கடமான ஆய்வுகளில் ஒன்று நடந்தது. இதயத் தாளக் கோளாறை அடக்கும் ஆய்வு என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து காஸ்ட் என்பார்கள். அமெரிக்க அரசின் தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனம் பணம் கொடுத்தது. 1987-ல் ஆள் சேர்க்கத் தொடங்கி, 1989 ஏப்ரலில் அதன் முக்கியமான பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். மருந்து வேலை செய்யவில்லை என்பதால் அல்ல. மருந்து வேலை செய்தது, துடிப்பு அடங்கியது, ஆட்கள் இறந்தார்கள்.

பலர் சொன்ன கதைதான், ஆனால் சொல்கிறவர்கள் பெரும்பாலும் சாவு எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என்னை உறுத்துவது வேறொன்று. நோயாளிகளைத் தினமும் நேரில் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை டாக்டர்களுக்கும் இது ஏன் கண்ணில் படவில்லை? அதற்கான பதிலும் இதே ஆய்வுக்குள்ளேயே கிடக்கிறது.

அப்போது இருந்த நியாயம்

1960-களில் இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் வந்தன. மாரடைப்பு நோயாளியின் ஈசிஜியை இரவும் பகலும் திரையில் பார்க்க முடிந்தது. கீழறை தாறுமாறாக நடுங்கி இரத்தத்தைத் தள்ளாமலே போகும் விஎஃப் நிலைக்குச் சற்று முன்னால் பல பேருக்கு முந்திய துடிப்புகள் வருவதைக் கண்டார்கள். பிறகு நோயாளிகள் வீடு திரும்பிய பின்னும் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் வந்தன. மணிக்குப் பத்துக்கு மேல் முந்திய துடிப்பு உள்ளவர்கள் திடீரென்று இறப்பது மற்றவர்களைவிட அதிகம் என்று அவை காட்டின. அப்புறம் என்ன, முந்திய துடிப்பு இருந்தால் ஆபத்து, அதை அடக்க மருந்து இருக்கிறது, அடக்கினால் ஆபத்து போகும். இந்த வாதத்தில் எந்த இடத்திலும் ஓட்டை தெரியாது, இன்றைக்குப் படித்தாலும் தெரியாது, அதுதான் வேடிக்கை.

மருந்தும் கையில் இருந்தது. ஃபிளெகைனைடுக்கு 1985-லும் என்கைனைடுக்கு 1986-லும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இரண்டும் இதயத் தசையில் சோடியம் புகும் வழியை அடைக்கிறவை, இதயத் தாள மருந்துகளைப் பிரிக்கும் வாகன் வில்லியம்ஸ் வகைப்பாட்டில் 1சி வகுப்பு. முந்திய துடிப்பை அடக்குவதில் இவற்றுக்கு முன்னால் வந்த மருந்துகள் எதுவும் கிட்டவே நிற்க முடியாது. அனுமதிக்குக் காட்டிய ஆதாரமும் அதுதான், துடிப்பு அடங்குகிறது என்பது. ஆயுள் கூடுகிறது என்று யாரும் காட்டவில்லை, காட்டச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

கேட்டது காஸ்ட் குழுதான். அதற்கு முன்னோட்டமாக கேப்ஸ் என்று 502 பேரை வைத்து ஒரு சிறிய ஆய்வு நடத்தி, எந்த மருந்து நன்றாக அடக்குகிறது என்று பார்த்தார்கள். அதில் என்கைனைடும் ஃபிளெகைனைடும் நன்றாகத் தேறின. இவற்றோடு மோரிசிசின் என்ற இன்னொரு மருந்தையும் சேர்த்துக்கொண்டு பெரிய ஆய்வுக்குப் போனார்கள்.

ஆய்வு நடந்த விதம்

இங்கே கொஞ்சம் மெதுவாகப் போகலாம், விஷயம் எல்லாம் இந்த அமைப்பில்தான் இருக்கிறது.

மாரடைப்பு வந்து 6 நாள் முதல் 2 ஆண்டு வரை ஆனவர்கள், ஹோல்டரில் சராசரியாக மணிக்கு 6 அல்லது அதற்கு மேல் முந்திய துடிப்பு உள்ளவர்கள், இதயம் இரத்தம் தள்ளும் திறன் ஓரளவு குறைந்தவர்கள் என்று தேர்ந்தெடுத்தார்கள். இவர்களை உடனே இரண்டு அணியாகப் பிரித்துவிடவில்லை. முதலில் எல்லோருக்கும் உண்மையான மருந்தையே கொடுத்தார்கள், ஒன்றுக்கு அடங்காவிட்டால் அளவைக் கூட்டி, அதற்கும் அடங்காவிட்டால் வேறு மருந்துக்கு மாற்றிப் பார்த்தார்கள். முந்திய துடிப்பு 80 சதவீதமாவது குறைந்து, தொடர்ச்சியாக ஓடும் வேகத் துடிப்புகள் 90 சதவீதமாவது குறைந்தால்தான் அடுத்த கட்டத்துக்கு அனுமதி. அப்படித் தேறியவர்களைத்தான் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு அவர்களுக்கு ஒத்துப்போன அதே மருந்தும் மறுபாதிக்கு மருந்தே இல்லாத ப்ளாசிபோவும் கொடுத்தார்கள்.

அதாவது ஆய்வுக்குள் வந்த ஒவ்வொருவரும் மருந்துக்கு நன்றாக அடங்கியவர். மருந்துக்கு இதைவிடச் சாதகமான ஆட்டக்களம் அமைக்க முடியாது. அதனால்தான் அப்போது பல டாக்டர்கள் கோபப்பட்டார்கள்: இவருக்கு இந்த மருந்து வேலை செய்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகும் அதை நிறுத்திவிட்டு வெறும் மாத்திரையைக் கொடுப்பது எந்த ஊர் தர்மம் என்று. தங்கள் நோயாளிகளை அனுப்ப மறுத்தவர்களும் உண்டு. நல்ல எண்ணத்தில்தான் மறுத்தார்கள், அவர்களைக் கேலி செய்வது எளிது, சரியல்ல.

ஆய்வாளர்களே மருந்து கெடுதல் செய்யும் என்று பெரிதாக எதிர்பார்க்கவில்லை. புள்ளியியல் திட்டத்தை ஒருபக்கச் சோதனையாகப் போட்டிருந்தார்கள். மருந்தால் நன்மையா, ஒன்றுமில்லையா, இந்த இரண்டில் எது என்று மட்டும் கேட்கும் சோதனை. தரவுக் கண்காணிப்புக் குழுதான் முடிவுகள் வருவதற்கு முன்பே குறுக்கிட்டு, நன்மைக்கான வரம்பை இறுக்கி, தீமையின் பக்கமும் ஒரு எல்லைக்கோடு போடச் சொன்னது. இந்தக் கதையில் அதிகம் பாராட்டப்படாதவர்கள் இவர்கள்தான் என்பது என் எண்ணம். அந்தக் கோடு இல்லாமல் போயிருந்தால், சாவு கூடுவதைப் பார்த்துக்கொண்டே 'எப்போது நிறுத்துவது' என்று விதியில்லாமல் விவாதித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

அந்தக் குழு முதலில் எண்களைப் பார்த்தபோது எது மருந்து, எது ப்ளாசிபோ என்று தெரியாதபடி இரண்டு அணிகளுக்கும் வெறும் அடையாளக் குறி மட்டும்தான் போட்டிருந்தது. ஒரு அணியில் சாவு அதிகம். அதைப் பார்க்கும் யாருக்கும் முதலில் தோன்றக்கூடியது, 'சரி, அதுதான் ப்ளாசிபோவாக இருக்கும்' என்பதுதான்.

எண்கள்

1989 மார்ச் 30 வரை 2309 பேர் வந்திருந்தார்கள், அவர்களில் 1727 பேருக்குத் துடிப்பு அடங்கி அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தார்கள். என்கைனைடு அல்லது ஃபிளெகைனைடு எடுத்தவர்கள் 730 பேர், அவற்றுக்கு இணையான ப்ளாசிபோ அணியில் 725 பேர். சராசரியாகப் பத்தே மாதம்தான் ஆகியிருந்தது. தாளக் கோளாறால் இறந்தவர்களையும் இதயம் நின்று மீட்கப்பட்டவர்களையும் சேர்த்தால் மருந்து அணியில் 33, ப்ளாசிபோ அணியில் 9. எல்லாக் காரணங்களாலும் இறந்தவர்கள் 56, எதிரில் 22.

1991-ல் வந்த முழு அறிக்கையில் கணக்கு இன்னும் தெளிவானது. மருந்து எடுத்த 755 பேரில் 63 சாவு, ப்ளாசிபோ எடுத்த 743 பேரில் 26. சதவீதத்தில் 8.3-க்கு எதிராக 3.5. ஏறத்தாழ 21 பேருக்கு மாத்திரை கொடுத்தால் பத்து மாதத்தில் ஒருவர் கூடுதலாக இறக்கிறார் என்று அர்த்தம்.

இப்போது அந்த 21 பேரை ஒரே டாக்டரிடம் கற்பனை செய்து பாருங்கள். எல்லோரும் மாரடைப்பு வந்தவர்கள். மருந்தே இல்லாவிட்டாலும் ஒருவர் இறந்துபோகக்கூடும். இவர் கையில் கூடுதலாக இன்னொருவர் இறக்கிறார். 'பாவம், நோய் முற்றிவிட்டது, மருந்து கொடுத்தும் காப்பாற்ற முடியவில்லை' என்றுதான் அவர் நினைப்பார். வேறெப்படி நினைக்க முடியும்? இறந்தவரின் கடைசி ஹோல்டர் பதிவு பளிச்சென்று சுத்தமாக இருந்திருக்கும்.

ஏன் தெரியாமல் போனது

கண்ணில் படாததற்குச் சிறிய எண்ணிக்கை ஒரு காரணம். இரண்டாவது காரணம் அதைவிட நுட்பமானது, 1995-ல் காஸ்ட் தரவைத் திரும்பக் கிண்டியபோதுதான் வெளியே வந்தது. முதல் கட்டத்தில் யாருக்குத் துடிப்பு எளிதாக அடங்கியதோ, அவர்கள் பிறகு மருந்தைத் தொடர்ந்தாலும் சரி, ப்ளாசிபோவுக்கு மாறினாலும் சரி, தாளக் கோளாறால் இறப்பது குறைவாகவே இருந்தது. எளிதில் அடங்குவது என்பதே அந்த இதயம் கொஞ்சம் தேவலாம் என்பதற்கான அடையாளம், மருந்தின் சாதனை அல்ல.

இதை ஒரு டாக்டரின் இடத்திலிருந்து பாருங்கள். மருந்து கொடுக்கிறார், சிலருக்கு அடங்குகிறது, சிலருக்கு அடங்கவில்லை. அடங்கியவர்கள் நன்றாக இருக்கிறார்கள், அடங்காதவர்கள் இறக்கிறார்கள். வருடக்கணக்கில் இதையே பார்த்தவருக்கு, அடக்கினால் பிழைப்பார்கள் என்பது கோட்பாடு அல்ல, அனுபவம். அந்த அனுபவம் பொய்யும் இல்லை, அவர் பார்த்தது நடந்ததுதான். ஆனால் அடங்கியவர்களை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு மருந்தை நிறுத்திப் பார்த்தால்தான், அவர்கள் மருந்து இல்லாமல் இதைவிட நன்றாக இருந்திருப்பார்கள் என்பது தெரியும். எந்த மனசாட்சியுள்ள டாக்டரும் தன் கிளினிக்கில் அதைச் செய்ய மாட்டார். தர்மம் இல்லை என்று அன்று பலர் கோபப்பட்ட அந்த ஒரு ஏற்பாடுதான் உண்மையைக் காட்டியது.

மருந்து என்ன செய்தது

மாரடைப்பில் செத்த தசை தழும்பாகிறது. தழும்பு முழுக்க முழுக்கச் செத்த இடமாக இருந்தால் பெரிய சிக்கல் இல்லை, மின்சாரம் சுற்றிக்கொண்டு போய்விடும். ஆனால் அதற்குள் ஆங்காங்கே உயிருள்ள தசை இழைகள் மெல்லிய நூலாகப் பிழைத்திருக்கும். அந்த இழைகளுக்குள் மின் அலை நுழைந்து மெதுவாக ஊர்ந்து மறுமுனையில் வெளியே வரும்போது, சுற்றியுள்ள நல்ல தசை ஏற்கெனவே துடித்து முடித்து ஓய்வெடுத்து மறுபடி தயாராகியிருந்தால், அலை அதைப் பற்றிக்கொண்டு திரும்பச் சுற்ற ஆரம்பிக்கிறது. இதுதான் மறுசுழற்சி, இதுவே கீழறை வேகத் துடிப்பாகி விஎஃப் வரை போகக்கூடியது. சுழல் நிற்காமல் ஓட வேண்டுமானால் அலை மெதுவாகப் போக வேண்டும், வேகமாகப் போனால் ஓய்வெடுக்காத தசையில் மோதி அணைந்துவிடும்.

1சி மருந்தின் வேலையே மின் அலையை மெதுவாக்குவதுதான்.

தனியாக ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் முந்திய துடிப்பை அது அமுக்குகிறது, ஹோல்டர் சுத்தமாகிறது. அதே நேரத்தில் தழும்புக்குள் ஊர்ந்துகொண்டிருந்த அலையை இன்னும் ஊர வைத்து, சுழலுக்கு வழி செய்துகொடுக்கிறது. இந்த மருந்துகளுக்கு இன்னொரு குணமும் உண்டு, துடிப்பு வேகமாக ஆக ஆக சோடியம் வழியின் அடைப்பும் கூடும். நிம்மதியாக உட்கார்ந்திருக்கும்போது எடுத்த ஈசிஜியில் தெரியாதது, மூச்சு வாங்க ஓடும்போதோ, மறுபடி இரத்த ஓட்டம் தடைபட்டு இதயம் பதறும்போதோ தலைகாட்டும்.

இரத்த ஓட்டத் தடைதான் முக்கியக் கூட்டாளி என்று பின்னால் வந்த பகுப்பாய்வுகள் சொல்கின்றன. உயிருக்கு ஆபத்தில்லாத மாரடைப்பு போன்ற நிகழ்வுகளையும் திடீர்ச் சாவுகளையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தபோது இரண்டு அணிகளிலும் எண்ணிக்கை ஏறக்குறைய சமமாக வந்தது. ப்ளாசிபோ எடுத்தவருக்கு நெஞ்சுவலியோடு கடந்து போயிருக்கக்கூடிய ஒரு தடை, மருந்து எடுத்தவரைக் கொன்றுவிட்டது என்றுதான் இதைப் படிக்க முடிகிறது.

மோரிசிசின் மட்டும் இந்தப் பட்டியலில் இல்லையே என்று அதை வைத்து காஸ்ட் 2 தொடர்ந்தது. இந்த முறை ஒரு திருத்தம், முதல் இரண்டு வார மருந்துப் பழக்கக் கட்டத்திலும் ஒப்பிட ஒரு அணி வைத்தார்கள். அந்த 14 நாளில் மருந்து எடுத்த 665 பேரில் 17 பேர் இறந்தார்கள் அல்லது இதயம் நின்றுபோனார்கள், எடுக்காத 660 பேரில் 3 பேர். 1991-ல் அதுவும் நின்றது. முதல் காஸ்டில் அந்த ஆரம்பக் கட்டத்துக்கு ஒப்பீடே கிடையாது என்பதை நினைத்துப் பார்த்தால், மேலே சொன்ன 63-க்கு 26 என்பது குறைத்துக் காட்டும் கணக்காகக்கூட இருக்கலாம்.

அலமாரியில் கிடந்த அறிக்கை

எனக்கு இந்த விவகாரத்தில் ஆறாத இடம் இதுதான். 1980-ல், காஸ்ட் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, பிரிட்டனில் லோர்கைனைடு என்ற மருந்தை மாரடைப்பு வந்தவர்களுக்குக் கொடுத்து ஒரு சிறிய ஆய்வு செய்தார்கள். அதுவும் 1சி வகுப்புதான். மொத்தம் 95 பேர். முந்திய துடிப்பு அடங்கியது. மருந்து எடுத்த 48 பேரில் 9 பேர் இறந்தார்கள், ப்ளாசிபோ எடுத்த 47 பேரில் ஒரே ஒருவர்.

சின்ன ஆய்வு, தற்செயலாக இருக்கும் என்று நினைத்தார்கள். மருந்தை வணிகக் காரணங்களுக்காகக் கைவிட்டதும் அறிக்கையும் வெளிவராமலே கிடந்தது. 1993-ல், எல்லாம் முடிந்த பிறகு, அவர்களே அதை வெளியிட்டு, அப்போதே வெளிவந்திருந்தால் ஒரு முன்னெச்சரிக்கையாக இருந்திருக்கக்கூடும் என்று எழுதினார்கள். தாமதமாக வந்தாலும் நேர்மையான அறிக்கை. வெளியாகாத ஆய்வுகளின் ஆபத்தைப் பற்றி யார் பேசினாலும் இன்றைக்கும் இதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

அதே 1993-ல் 138 ஆய்வுகளை ஒன்றுசேர்த்த ஒரு பகுப்பாய்வும் வந்தது. சோடியம் அடைக்கும் முதல் வகுப்பு மருந்துகள் மொத்தமாகவே சாவைக் கூட்டும் பக்கம் சாய்ந்தன, இதயத்தின் மேல் அட்ரினலினின் தாக்கத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர்கள் சாவைக் குறைத்தன. பீட்டா பிளாக்கர் முந்திய துடிப்பை அடக்குவதில் ரொம்பச் சுமார். ஆனாலும் 3837 பேரை வைத்து 1982-ல் வெளியான பிஹாட் ஆய்வில் ப்ரோப்ரனலால் என்ற பீட்டா பிளாக்கர் சாவை 9.8 சதவீதத்திலிருந்து 7.2 சதவீதமாகக் குறைத்திருந்தது. ஹோல்டரைச் சுத்தம் செய்த மருந்து கொன்றது, செய்யாத மருந்து காத்தது.

அதற்குப் பிறகு

சோடியம் போனால் பொட்டாசியம் என்று, பொட்டாசியம் வழியை அடைக்கும் டி-சோட்டலாலை வைத்து ஸ்வோர்டு ஆய்வு நடந்தது. 3121 பேர். மருந்து அணியில் சாவு 5.0 சதவீதம், ப்ளாசிபோ அணியில் 3.1. 1996-ல் அந்த அறிக்கை வந்தபோது, மாத்திரை கொடுத்துத் திடீர்ச் சாவைத் தடுக்கும் ஆசை ஏறக்குறைய முடிந்துவிட்டது. அமியோடரோன் என்ற இன்னொரு தாள மருந்து மட்டும் தப்பியது, அதுவும் கெடுதல் செய்யாது என்ற அளவில்தான்.

மிரோவ்ஸ்கி குழு 1980-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்திய ஐசிடி கருவி இங்கேதான் முன்னுக்கு வந்தது. இது ஒரு முந்திய துடிப்பைக்கூட அடக்குவதில்லை. வருவதெல்லாம் வரட்டும் என்று உள்ளே கவனித்துக்கொண்டிருந்துவிட்டு, உயிரைப் பறிக்கும் தாளம் வந்தால் மட்டும் அதிர்ச்சி கொடுத்து நிறுத்தும். 2005-ல் வந்த எஸ்சிடி-ஹெஃப்ட் ஆய்வில் இதயச் செயலிழப்பு உள்ள 2521 பேரில் அமியோடரோன், ப்ளாசிபோ இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை, ஐசிடி மட்டும் சாவை 23 சதவீதம் குறைத்தது.

என்கைனைடு 1991-ல் சந்தையிலிருந்து போய்விட்டது. ஃபிளெகைனைடு போகவில்லை, போயிருக்கவும் கூடாது. தழும்பில்லாத, இரத்தக் குழாய் அடைப்பில்லாத இதயத்தில் அது நல்ல மருந்துதான். மேலறை நடுக்கமான ஏஎஃப் வந்துவந்து போகிறவர்களுக்கு இன்றும் முன்வரிசையில் நிற்கிறது. ஏஎஃப் கண்டுபிடித்து ஓராண்டுக்குள் தாளத்தைச் சீராக்க முயல்வது நல்லதா என்று 2789 பேரிடம் பார்த்த ஈஸ்ட் ஆய்வில், 2020-ல் நல்லது என்றே முடிவு வந்தது. அதில் பரவலாகப் பயன்பட்ட மருந்துகளில் ஃபிளெகைனைடும் ஒன்று, சாவு கூடவில்லை. ஓடும்போதோ பயப்படும்போதோ பிள்ளைகள் மயங்கி விழும் சிபிவிடி என்ற மரபணுக் கோளாறில், பீட்டா பிளாக்கர் போதாதபோது கூடவே சேர்த்துக் கொடுப்பதும் இதைத்தான்.

முந்திய துடிப்பை அடக்குவதே வீண் வேலை என்றும் ஆகிவிடவில்லை. நாளெல்லாம் துடிக்கும் துடிப்புகளில் கால்வாசி அளவுக்கு முந்திய துடிப்பாகவே இருந்தால், அதுவே இதயத் தசையைத் தளர்த்திவிடக்கூடும். 2010-ல் 174 பேரை ஆராய்ந்தவர்கள் 24 சதவீதம் என்ற எல்லையைச் சொன்னார்கள். அப்படிப்பட்டவர்களுக்குக் கிளம்பும் இடத்தைக் கண்டுபிடித்து அப்லேஷன் செய்து சுட்டுவிட்டால், தளர்ந்த இதயம் பலருக்குத் திரும்பவும் தேறுகிறது. ஆனால் இங்கே மருந்தாலோ அப்லேஷனாலோ துடிப்பு குறைந்தது என்று மட்டும் எழுதி முடிப்பதில்லை, சில மாதம் கழித்து எக்கோ எடுத்து இதயம் தள்ளும் திறன் கூடியதா என்று பார்க்கிறார்கள்.

ஃபிளெகைனைடு எழுதும் முன் இப்போதெல்லாம் பழைய மாரடைப்பு உண்டா என்று கேட்பார்கள், எக்கோ எடுப்பார்கள், சந்தேகம் இருந்தால் இரத்தக் குழாய் அடைப்புக்கும் சோதிப்பார்கள். ஏஎஃப்-க்காகக் கொடுத்தால் கூடவே பீட்டா பிளாக்கர் போன்ற ஒன்றையும் பெரும்பாலும் சேர்ப்பார்கள், இல்லையென்றால் மேலறையின் வேகம் அப்படியே கீழறைக்கு இறங்கிவிடும் அபாயம் உண்டு. மாத்திரை தொடங்கிய பிறகு மறுபடி ஈசிஜி எடுத்து, அதில் கீழறைத் துடிப்பைக் காட்டும் கியூஆர்எஸ் பகுதியின் அகலம் முன்பிருந்ததைவிட 25 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கிறதா என்று அளப்பார்கள். கூடியிருந்தால் அளவைக் குறைப்பார்கள், அல்லது நிறுத்திவிடுவார்கள்.